ஐம்பத்து மூன்று கண்ணிகள்

பினாங்கில் குளிர் என்று ஒன்று கிடையாது. மழை பெய்தால் புழுக்கம், மழை விட்டால் வெயில், இரண்டும் இல்லாத நேரத்தில் சும்மாவே வியர்வை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் வருடக்கணக்காக உட்கார்ந்து கம்பளி நூலில் கழுத்துத் துண்டு பின்னிக்கொண்டிருந்தார். அவர் பெயர் மைக்கேல் இராயப்பன்.

எங்கள் கோயில் ஜனங்களிடம் அவரைப் பற்றி விசாரித்தால், "ஜெபமாலை மைக்கேல்தானே? புண்ணியவான்லா!" என்று கண்ணை மேலே தூக்குவார்கள். கம்பளிப் பின்னலைப் பற்றி விசாரித்தால், "அது அவரு சம்சாரம் டோரதியம்மா கைவேலை. அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்பார்கள். இரண்டும் தவறான தகவல். ஆனாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருடத்தில் எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு முழுவதும் இரண்டையும் நம்பியது. நம்பாதவர்கள் மொத்தம் மூன்றே பேர். மைக்கேல், டோரதி, அப்புறம் நான்.

நான் பீட்டர். மைக்கேல் வேலை பார்த்த அதே கப்பல் கம்பெனியில் நானும் குமாஸ்தா. அவர் பெரிய மேசை, நான் ஓரத்து மேசை. அவர் நிரந்தரம், நான் நான்கு வருடமாகத் தற்காலிகம். சுங்கை பினாங்கில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் மீன் பொரித்தால் இந்தப் பக்கம் நாங்கள் சோற்றைப் பிசையலாம், அவ்வளவு நெருக்கம்.

மைக்கேலுக்குப் பின்னல் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்தது பாலிக் புலாவில். தகப்பன் அங்கே ஜாதிக்காய்த் தோட்டத்தில் கூலி. மைக்கேலுக்கு நான்கு வயதிருக்கும்போது தகப்பனும் தாயும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போய்விட்டார்கள். பிள்ளையை யாரோ மாட்டு வண்டியில் ஏற்றி டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய அனாதை இல்லத்தில் விட்டார்கள். அது பெண் பிள்ளைகளின் இல்லம். பொடியன்களை எட்டு ஒன்பது வயது வரை வைத்துக்கொள்வார்கள், பிறகு பையன்களின் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

பிரான்சு தேசத்துப் புண்ணியவதிகள் அந்த இல்லத்துக்கு வருடா வருடம் மூட்டை மூட்டையாகக் கம்பளி நூல் அனுப்பினார்கள். அனாதைகள் என்றால் உலகம் பூராவும் குளிரில் நடுங்குவார்கள் என்பது அவர்களுடைய எண்ணம். வந்த நூலை வீணாக்கக் கூடாது என்பது கன்னியாஸ்திரீகளின் எண்ணம். ஆகவே பினாங்கு வெயிலில் முப்பது பிள்ளைகள் வியர்க்க வியர்க்கக் கம்பளி பின்னினார்கள். மைக்கேல் கையிலும் இரண்டு ஊசிகளைக் கொடுத்தார்கள். எண்ணத் தெரியாத வயது. ஊசியில் ஏறும் கண்ணிகளை எப்படிக் கணக்கு வைப்பான்? ஒரு சிஸ்டர் யோசித்து அவன் முன்னால் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டார். கண்ணிக்கு ஒரு மணி, மணிக்கு ஒரு மந்திரம்.

ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை என்று நாம் சொல்வது இதைத்தான். தொங்கலில் மூன்று மணி, வட்டத்தில் ஐந்து பத்து. மைக்கேலின் துண்டும் அதே கணக்கு. அகலத்தில் ஐம்பத்து மூன்று கண்ணிகள். முதல் மூன்றும் கரை. அப்புறம் ஒவ்வொரு பத்தும் ஒரு இலை. இலை நரம்புக்கு நூலை ஊசி மேல் ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டை விட வேண்டும். ஓட்டை விட்டால் கண்ணி ஒன்று கூடிவிடும், பக்கத்திலேயே இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கிச் சரிக்கட்ட வேண்டும். பத்துக்கும் பத்துக்கும் நடுவே வரும் பெரிய மணி வந்தால் இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு மொட்டு எழும்ப வேண்டிய இடம் என்று அர்த்தம். திரும்பி வரும் வரிசையில் ஓட்டையும் இல்லை, மொட்டும் இல்லை. ஆகவே அதில் ஜெபமும் இல்லை.

ஒன்பது வயதில் பையன்களின் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவன் பையிலிருந்து ஊசிகள் விழுந்தபோது வகுப்பே சிரித்தது, வாத்தியார் பிரம்பால் நான்கு போட்டார். ஊசி போனது. கைக்குப் பழகியது போகவில்லை. வளர்ந்து, இங்கிலீஷ் படித்து, கம்பெனியில் சேர்ந்து, டோரதியைக் கட்டி, வீடு பிடித்ததும் முதல் காரியமாகப் பாசாருக்குப் பக்கத்துத் துணிக்கடையில் கம்பளி நூல் கேட்டார். கடைக்காரர் மீரா சாகிப் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பளியா? யாருக்குங்க ஜன்னி?"

"சம்சாரம் கேட்டுச்சு பாய்" என்றார் மைக்கேல். அதுதான் முதல் பொய். வேலையில் சேர்ந்த குமாஸ்தா மாதிரி அந்தப் பொய் படிப்படியாக உயர்ந்தது.

இரண்டாவது, கோயில் திருநாள் விற்பனையில். மைக்கேல் பின்னிய துண்டு ஒன்றை டோரதி கொண்டுபோய் மேசையில் வைத்தாள். "யாரு பின்னுனது?" என்று பெண்கள் கூடிவிட்டார்கள். டோரதி புருஷனைப் பார்த்தாள். புருஷன் காதுவரை சிவந்துபோய், "அவதான், அவதான்" என்றார். டோரதிக்கு ஊசியில் நூல் கோக்கவே மூன்று தடவை எச்சில் தொட வேண்டும். ஆனால் அன்று பத்துப் பெண்கள் அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதுவரை யாரும் அவள் கையைப் பார்த்ததில்லை. அவளும் மறுக்கவில்லை.

அதன் பிறகு தினமும் மாலையில் அந்த வீட்டில் ஒரு நாடகம். டோரதி வெளியே வாசலை ஒட்டி ஓடும் அஞ்சடி நடைபாதையில் முக்காலி போட்டு, மடியில் பின்னலை வைத்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்தில் யாராவது வந்தால் ஊசிகளை மடியில் வைத்துவிடுவாள். "பேசிக்கிட்டே பின்னுனா கணக்கு போயிடும்க்கா" என்பாள். யாரும் வராதபோதும் பின்ன மாட்டாள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மைக்கேல் ஆபீசிலிருந்து வந்து, குளித்து, அரைக்கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவார். பின்னல் உள்ளே போய்விடும்.

அரைக்கதவு அவருடைய மார்பு வரை மறைக்கும். கதவின் ஆணியில் ஜெபமாலை தொங்கும். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிவது தாழ்ந்த கண்கள், முணுமுணுக்கும் உதடுகள், ஒரு விரல் மேலே எட்டி ஒவ்வொன்றாக நகர்த்தும் மணிகள். கீழே ஊசிகள் ஓடுவது யாருக்குத் தெரியும்? வேலை முடித்து வீடு திரும்பும் ஜனங்கள் அந்த முகத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், "நம்மிடையே ஒருவர் இருக்கிறார், உலகம் உல்லாசமாய்த் திரியும் வேளையில் அவர் மாதாவோடு பேசிக்கொண்டிருக்கிறார்" என்றார். நற்கருணைச் சுற்றுப்பிரகாரத்தில் சாமியார் தலைக்கு மேல் வரும் மேற்கட்டியின் முன்கம்பைப் பிடிக்கும் பாக்கியத்தையும் அவருக்கே கொடுத்தார்கள். அந்தக் கம்புக்காக இருபது வருடம் காத்திருந்தவர்கள் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் மந்திரத்தை உண்மையாகவே சொன்னார். சொல்லாமல் அவருக்கு எண்ண வராது. ஒரு துண்டு முடிய ஏறத்தாழப் பத்தாயிரம் தடவை மாதாவை வாழ்த்தும் அருள் நிறைந்த மந்திரம். எங்கள் பங்கில் மற்ற எல்லோரும் சேர்ந்து ஒரு வருடத்தில் அவ்வளவு சொல்லியிருப்போமா என்பது சந்தேகம். ஆக, ஜனங்கள் கண்ணால் கண்டதை வைத்துத் தப்பாகப் புரிந்துகொண்டு, சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். எங்கள் ஜனங்களுக்கு அடிக்கடி நடக்கிற விஷயம்தான்.

எனக்கு விஷயம் தெரியவந்தது ஒரு நூல் உருண்டையால். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பலகைச் சுவரின் அடிச்சந்து வழியாக வெள்ளைக் கம்பளி உருண்டை ஒன்று என் காலடிக்கு வந்தது. நல்ல பிள்ளையாக எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுப்பங்கரையில் டோரதி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நூலின் மறுமுனை மைக்கேலின் விரலில் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை.

"ஒரு நிமிசம் தம்பி. இந்த வரிசை முடியட்டும், நடுவுல விட்டா இலை கெட்டுரும்" என்றார்.

முடிந்ததும் ஊசிகளை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வெளிய சொல்லிராத. ஆபீசுல பொம்பளன்னு பேரு வச்சிருவானுங்க. அப்புறம் நான் அந்த மேசையில உக்கார முடியாது."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் பெண்டாட்டி ஐரீனிடம்கூடச் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய தியாகம் என்று கேளுங்கள். ஐரீன் அப்போது டோரதியைப் பார்த்து வயிறெரிந்து, தானும் நூல் வாங்கி ஒரு மாதம் போராடி, கெண்டை பிடிக்கக்கூடிய ஒரு வலையைப் பின்னி முடித்திருந்தாள். "ஒங்களுக்கு வாச்சதும் பொண்டாட்டியா? அந்த வீட்டைப் பாருங்க!" என்று அவளே என்னிடம் அழுவாள். ஒரு வார்த்தையில் அவள் கண்ணீரை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றும் உத்தமன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மைக்கேலுக்கோ ஒரு புது வழி திறந்துவிட்டது. இத்தனை வருடமாகச் செய்ததைக் காட்ட ஓர் ஆள் கிடைத்தேன். டோரதி பார்த்தாலும் பார்க்க மாட்டாள், அவளுக்கு அது முடிந்தால் போதும். சனிக்கிழமை தோறும் மைக்கேல் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். போவேன். வாரத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரித்துக் காட்டுவார். நான், "நல்லாயிருக்குண்ணே" என்பேன். அவ்வளவுதான் என் வேலை. அந்த ஒரு சொல்லுக்கு அவர் வாரம் முழுக்கக் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. முதலில் மரியாதைக்குத்தான் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் துண்டு முடிந்தது. ஊசியிலிருந்து இறக்கியதும் பார்த்தேன். கசங்கிய கரித்துணி மாதிரி சுருண்டு கிடந்தது. இதற்கா இத்தனை மாதம் என்று நினைத்தேன். மைக்கேல் அதை வாளித் தண்ணீரில் முக்கி, பிழியாமல் துவாலையில் ஒற்றி, மெத்தை மேல் விரித்து, விளிம்பை இழுத்து இழுத்துக் குண்டூசி குத்தினார். மறுநாள் காய்ந்ததும் ஊசிகளைப் பிடுங்கினார். ஐந்து வரிசை இலைகளும் நரம்போடு விரிந்து நின்றன. நடுவே மொட்டுகள். அந்தப் பக்கம் கையை வைத்தால் விரல் ரேகை தெரிந்தது. அது அழகாக இருந்தது. நான் எதையும் நக்கல் செய்கிறவன், ஆனால் அதன் முன்னால் எனக்கு நக்கல் வரவில்லை. ஒரு இலையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்குண்ணே" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தத் துண்டைக் கிறிஸ்துமசுக்குத் துரைசாணிக்குக் கொடுத்தார்கள். துரைசாணி என்றால் எங்கள் கம்பெனி மானேஜர் துரையின் பெண்டாட்டி. மற்ற குமாஸ்தாக்கள் வான்கோழியும் கேக்கும் தூக்கிக்கொண்டு போனபோது மைக்கேல் ஒரு காகிதப் பொட்டலத்தோடு போனார். "என் மனைவி பின்னியது" என்றார். பழக்க தோஷம்.

மற்ற இடமாக இருந்தால் துண்டு பெட்டியில் கிடந்திருக்கும். ஆனால் மலை ரயில் வந்தபிறகு வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வாரக் கடைசியில் மலை உச்சிக்குப் போய், "ஆகா, ஊரிலிருப்பது போலக் குளிர்கிறதே" என்று சந்தோஷமாக நடுங்குவது வழக்கமாகியிருந்தது. மலை பங்களாவில் துரைசாணி அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தாள். மற்ற துரைசாணிகள் பார்த்தார்கள். பின்னத் தெரிந்தவர்கள் விரித்துப் பார்த்தார்கள். எந்தப் புத்தகத்திலும் இந்தக் கணக்கு இல்லையே என்று தலையைச் சொறிந்தார்கள். எப்படி இருக்கும்? அவர்கள் டஜன் கணக்கில் எண்ணுகிறவர்கள்.

பிப்ரவரியில் ஆபீசில் துரை மைக்கேலைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை டோரதி மலைக்கு வந்து, சீமாட்டிகள் முன்னால் பின்னிக் காட்ட வேண்டும். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமைத் துரைசாணியும் வருவாளாம், அவளுக்குத் தையல் டீச்சர் ஒருத்தி தேவையாம்.

செய்தி அன்று மாலைக்குள் கோயில் முழுக்கப் பரவி, டோரதி தேவதை ஆகிவிட்டாள். வீட்டுக்குள்ளே தேவதை திருதிருவென்று விழித்தாள். மூன்று வாரம் மைக்கேல் அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். அவள் ஊசியை அகப்பை மாதிரி பிடித்தாள். கண்ணி விழுந்தால் அழுதாள், விழாவிட்டால் பயந்தாள். பலகைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"நானா போய்ச் சொன்னேன்? நீங்கதானே அவதான் அவதான்னு சொன்னீங்க!"

"நீ இல்லன்னு சொன்னியா?"

"ஊரே கையப் பிடிச்சிப் பாக்குது, எப்படிங்க இல்லன்னு சொல்றது?"

கடைசி வாரம் மைக்கேல் பலகையில் தட்டினார். போனேன். மனிதர் இளைத்திருந்தார், ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"தம்பி, அங்க போய் நான்தான்னு சொல்லிரப் போறேன்" என்றார்.

"அண்ணே! ஆபீசுல?"

"சிரிக்கட்டும்லா. எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. பள்ளிக்கூடத்துல ஒருநாள் சிரிச்சானுங்க, அதுக்குப் பயந்து இத்தன வருசம் கதவுக்குப் பின்னால உக்காந்திட்டேன். எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. பின்னல் தெரிஞ்சவங்க நாலு பேரு, ஒரே ஒரு தடவ, இது மைக்கேல் பின்னுனதுன்னு சொல்லணும். அது போதும்." என் பக்கம் திரும்பி, "நம்ப மாட்டாங்க. நீ பாத்திருக்க. கேட்டா சொல்லுவியா?" என்றார்.

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? சொல்லாம?" என்றேன். மார்பில் கை வைத்துச் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

நான் மலைக்குப் போக வேண்டியிருந்தது வேறு காரணத்துக்காக. துரை சனி ஞாயிறு மலையில்தான் இருப்பார். அவர் கையெழுத்துக்குக் காத்திருந்த காகிதக் கட்டை யாராவது மேலே கொண்டுபோக வேண்டும். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அந்தக் கட்டில் மூன்றாவதாக இருந்தது. மேலே வைத்தால் நன்றாயிருக்காது என்று நானே மூன்றாவதாக வைத்தேன்.

பங்களா வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் போட்டு எட்டுத் துரைசாணிகள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பனி மூட்டம். ஓரத்து மேசையில் துரை காகிதங்களைப் பார்க்க, நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக நீட்டினேன். பேச்சு எல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன்.

டோரதி நீலப் பட்டுடுத்தி நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஊசிகளைக் கொடுத்தார்கள். அகப்பை மாதிரிதான் பிடித்தாள். முதல் கண்ணி விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. "பாவம், வெட்கப்படுகிறாள்" என்றாள் ஒருத்தி. டோரதியின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை.

மைக்கேல் முன்னே வந்தார். தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "மன்னிக்க வேண்டும். அதைப் பின்னியது என் மனைவி அல்ல. நான்" என்றார்.

எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கிண்ணங்கள் ஆடுகிற அளவுக்குச் சிரிப்பு. எங்கள் துரையும் பேனாவைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மைக்கேல் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு டோரதியின் கையிலிருந்து ஊசிகளை வாங்கி, அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஜெபமாலையை நாற்காலிக் கையில் மாட்டிவிட்டு, பின்ன ஆரம்பித்தார்.

நான் அவர் பின்னுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று மாதிரி பார்த்ததில்லை. தலை நிமிரவில்லை. உதடு மந்திரத்தை முணுமுணுக்க, மணி நகர, கண்ணி ஏற, கரை முடிந்து முதல் இலை, இரண்டாவது இலை. எட்டுத் துரைசாணிகளும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்கள். வரிசை முடிந்தது. ஐம்பத்து மூன்று. தப்பே இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடம் காத்திருந்த முகம் அது.

"அற்புதம்!" என்று பள்ளிக்கூடத்துத் துரைசாணி கையைத் தட்டினாள். "கவனித்தீர்களா? ஒவ்வொரு கண்ணிக்கும் வாய்க்குள்ளே என்னவோ சொல்லிக்கொண்டாரே! மனைவி சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறார். ஒரு ஆண்பிள்ளைக்கு, அதுவும் ஒரு குமாஸ்தாவுக்கு, இவ்வளவு துல்லியமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறாள் என்றால் இவள் எப்பேர்ப்பட்ட டீச்சர்!"

"இல்லை அம்மா, அது பாடமில்லை, அது ஜெபம்" என்றார் மைக்கேல்.

"இப்படிப்பட்ட டீச்சருக்கு முன்னால் யாராக இருந்தாலும் ஜெபம்தான் செய்வார்கள்" என்றாள் எங்கள் துரைசாணி. மறுபடியும் சிரிப்பு. "மனைவி பயந்து நிற்கிறாள் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார், எவ்வளவு நல்ல மனிதர்!"

மைக்கேல் எழுந்து நின்றார். "அவளுக்குப் பின்னவே தெரியாது. நான் பொய் சொல்லவில்லை. அதோ பீட்டர், என் பக்கத்து வீட்டுக்காரன். அவன் பார்த்திருக்கிறான். அவனைக் கேளுங்கள்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டோரதி பார்த்தாள், அவள் கண்ணில் கெஞ்சல் இருந்தது, எதற்காகக் கெஞ்சினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. துரை பார்த்தார். அவருக்கு முன்னால் மூன்றாவது காகிதம் இருந்தது. பேனா அதன் மேல் நின்றது. அவருடைய ஹெட் கிளார்க் மைக்கேல் சீமாட்டிகள் முன்னால் உட்கார்ந்து பொம்பளை வேலை செய்தது அவருக்கு ரசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதற்கு மரியாதையான ஒரு விளக்கம் கிடைத்தால் தேவலை என்பதும் தெரிந்தது.

"என்ன பீட்டர்?" என்றார்.

"ஆமாம் சார்" என்றேன். "அவர் மனைவிதான் கற்றுக்கொடுத்தார்கள். தினமும் மாலையில் நான் பார்த்திருக்கிறேன்."

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசித்துச் சொன்னேன் என்றால் ஏதோ போராடினேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. துரை தலையசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்கு நான் ஊதினேன்.

மைக்கேல் ஊசிகளை மேசையில் வைத்துவிட்டு, ஜெபமாலையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரயிலில் இறங்கி வரும்போது மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

டோரதிக்கு வேலை கிடைத்தது. நியமனக் கடிதம் வந்த நாளிலிருந்து புருஷன் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள், வேறு வழி? ஆறு மாதத்தில் பின்ன வந்துவிட்டது. அவளுக்கே வர வைத்தார் என்றால் கற்றுக்கொடுத்தவர் எப்பேர்ப்பட்ட ஆசிரியர் என்று பாருங்கள், ஆனால் அதைச் சொல்ல யாரும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் ஐம்பத்து மூன்று கண்ணி போட்டு, 'மிசஸ் மைக்கேல் இலை' பின்னுகிறார்கள். கோயிலில் மைக்கேலின் மதிப்பு இன்னும் ஏறியது. மனைவிக்காக வெள்ளைக்காரர்கள் முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொண்டாராமே என்று பங்குச் சாமியார் அதையும் ஒரு பிரசங்கமாக்கிவிட்டார். எனக்கு நிரந்தரமாகிவிட்டது, ஐரீன் இனிப்புக்கு வட்டலப்பம் செய்தாள்.

மலையிலிருந்து இறங்கியபிறகு ஒரு மாதம் பலகையில் தட்டும் சத்தம் கேட்கவில்லை. ஐந்தாவது சனிக்கிழமை என்னால் பொறுக்க முடியாமல் நானே போனேன். மைக்கேல் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தொர கையில பேனா இருந்திச்சி... என் காயிதம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி. புள்ளகுட்டிக்காரன். நான் உன்னக் குத்தம் சொல்லலலா" என்றார். உண்மையாகவே அவர் குரலில் கோபம் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். சனிக்கிழம சனிக்கிழம வந்து பாத்திட்டு, நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு சொல்லுவியே. அதுவாச்சும் நெசந்தானா?"

"நெசம்ண்ணே" என்றேன். "மாதா மேல சத்தியமா நெசம்ண்ணே."

என் வாழ்நாளில் அதைவிட உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை. அவர் "சரி தம்பி" என்றார். அதை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.